சிறைக்குப் போனவர்கள் உள்துறையை ஆண்டபோது

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்று மதராஸ் மாநிலத்தோடு இணைந்திருந்த மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். இந்தியா குடியரசாகி அப்போது 16 நாட்களே ஆகியிருந்தன. சிறை மாநில அரசின் பொறுப்பில் இருந்தது. எனவே இந்தச் சாவுகளைத் தில்லியின் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஆனாலும் அதே மாதம் முடிவதற்குள், ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் வைக்க அனுமதிக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் நிறைவேற்றினார் உள்துறை அமைச்சர் சர்தார் வல்லபபாய் படேல். பல இரவுகள் தூக்கமின்றித் தவித்த பிறகே இந்த மசோதாவைக் கொண்டுவருவதாக அவர் அவையில் கூறினார். அவர் உண்மையாகவே தவித்திருப்பார் என்றே நம்புகிறேன். ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி வந்த அந்தச் சட்டம், திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1969 இறுதிவரை உயிரோடு இருந்தது.

இந்தியாவின் உள்துறை அமைச்சகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. படேல், ராஜாஜி, கைலாஷ்நாத் கட்ஜு, கோவிந்த வல்லப பந்த், லால்பகதூர் சாஸ்திரி, குல்சாரிலால் நந்தா, ஒய்.பி. சவான் என்று அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் தலைமுறையினர் அனைவரும் வெள்ளையர் சிறையில் இருந்தவர்கள். அவர்களைச் சிறையில் அடைத்த அரசின் உள்துறைதான் பெயரும் கட்டடமும் மாறாமல் அவர்கள் கைக்கு வந்தது. தங்களைக் கண்காணித்த ஒற்றர் அமைப்பும், தங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்த எழுத்தர்களும், தங்களைப் பற்றிய கோப்புகளும் அவர்களின் அதிகாரத்துக்குக் கீழ் வந்தன. அந்தக் கருவியை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொங்கு நாட்டிலிருந்து பார்த்தால், தில்லியிலிருந்து பார்ப்பதைவிடச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

படேல் 1946 செப்டம்பரில் இடைக்கால அரசில் உள்துறையை ஏற்றார். பிரிவினைக் கலவரம், அகதிகள், 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள், ஐதராபாத், காஷ்மீர் என்று ஒரு மனிதர் சுமக்கக்கூடிய எல்லையைத் தாண்டிய சுமை அவர்மீது இருந்தது. வெள்ளையர் ஆட்சியின் உயர் நிர்வாகப் பணியான ஐ.சி.எஸ்.ஸின் பழைய அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் பலர் பேசியபோது, 1949 அக்டோபரில் அவர் எழுந்து அவர்களுக்காக வாதாடினார். அந்த நிர்வாகம் இல்லாவிட்டால் நாடு சிதறியிருக்கும் என்பது அவருடைய தீர்மானம். அந்த நேரத்தில் அது சரியான தீர்மானம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நெருக்கடிக்காகக் காப்பாற்றிய ஓர் அமைப்பை, நெருக்கடி தணிந்த பிறகு யார் திருத்துவது என்ற கேள்விக்கு விடை சொல்ல அவருக்கு ஆயுள் போதவில்லை. 1950 டிசம்பர் 15 அன்று அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் நம் பக்கத்து மனிதர். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலத்தில் வழக்கறிஞராகப் பெயரெடுத்து, 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, ராட்டை, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று அந்த வறண்ட மேட்டுநிலத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். கவர்னர் ஜெனரலாக நாட்டின் தலைமைப் பதவியில் அமர்ந்தவர், அதற்குப் பிறகு அமைச்சராக இறங்கி வந்து உள்துறைப் பொறுப்பை ஏற்றதே ஒரு பெரிய மனம்தான்.

அவர் அங்கே இருந்தது ஓராண்டுக்கும் குறைவு. அந்தக் காலத்துக்குள் செய்த இரண்டு காரியங்களைக் குறிப்பிட வேண்டும். காலாவதியாக இருந்த தடுப்புக் காவல் சட்டத்தை 1951 பிப்ரவரியில் நீட்டித்தார். நீட்டிக்கும்போது, காவலில் வைக்கப்படும் ஒவ்வொருவரின் வழக்கும் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்ற பாதுகாப்பையும் சேர்த்தார். அதே ஆண்டில் பத்திரிகைகளில் ஆட்சேபகரமான செய்திகளைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1931ஆம் ஆண்டின் வெள்ளையர் பத்திரிகைச் சட்டத்தைவிட இது மென்மையானது, அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் நீதிபதியின் முன் வழக்கைக் கொண்டுபோகிறது என்று அவர் வாதிட்டார். பத்திரிகையாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்தச் சட்டம் 1956இல் காலாவதியானது. இரண்டிலும் ராஜாஜியின் கைத்தடம் ஒன்றே. அதிகாரத்தை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஒரு வேலி போடுகிறார். அதிகாரமே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் அவரைக் கொண்டாடும் குடும்பங்களில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் வேலூர்ச் சிறைக்குப் போன மனிதரைத் தவிர வேறு யாரிடம் நாம் அதை எதிர்பார்த்திருக்க முடியும்?

இந்த அமைச்சகத்தின் கோப்பு எப்படி ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் நுழைகிறது என்பதை நான் நேரில் கண்டது என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) வீட்டில். 1942 ஆகஸ்ட் 26 இரவு சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைக்கப்பட்ட பிறகு, சூலூர், சிங்காநல்லூர் வட்டாரத்தில் போலீஸ் வீடு வீடாகத் தேடிப் பிடித்துக்கொண்டு போன இளைஞர்களில் அவரும் ஒருவர். 1972இல், சுதந்திரத்தின் வெள்ளி விழாவையொட்டி, தியாகிகளுக்கான ஓய்வூதியத் திட்டத்தை உள்துறை அமைச்சகம் அறிவித்தது. விண்ணப்பிக்கிறவர் குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றைத் தர வேண்டியது சிறைச்சாலை. பதிவேடு கிடைக்காவிட்டால் உடன் சிறையிலிருந்தவர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அப்புச்சியின் பீரோவில், துண்டில் சுற்றிய தாமிரப் பட்டயத்துக்கு அடியில், அந்தச் சிறைச் சான்றின் நகல் இருந்தது. கைதி எண், உள்ளே வந்த தேதி, தண்டனைப் பிரிவு, எடை, உடம்பில் உள்ள மச்சங்கள் என்று வெள்ளைக்கார ஜெயிலர் எழுதி வைத்த விவரங்களை யாரோ ஓர் எழுத்தர் பார்த்து எழுதியிருந்தார். "நம்மளை உள்ள வெச்சவனோட கணக்குப் புத்தகந்தானுங் சாமி இப்ப நமக்குச் சாட்சி" என்று அவர் சொன்னார். அதில் கசப்பு இல்லை; நியாயமான ஏற்பாடு என்றே அவர் நினைத்தார். ஒரே துறை, 30 ஆண்டு இடைவெளியில், ஒருவரைக் குற்றவாளி என்றும் தியாகி என்றும் ஒரே பதிவேட்டின் அதே வரியைக் கொண்டு முடிவு செய்தது.

1955இல் உள்துறைக்கு வந்த கோவிந்த வல்லப பந்த், 1961 மார்ச்சில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மாநிலங்களை மொழிவழியாகப் பிரிக்கும் பெரும்பணி அவர் காலத்தில் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. பன்னாரிக்கும் பர்கூருக்கும் அப்பாலுள்ள மலைக்காடு இரண்டு மாநிலங்களின் எல்லையாக மாறியதன் விளைவு, பிந்தைய காலத்தில் வேறு விதமாக வெளிப்பட்டது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பந்த் காலத்தின் இன்னொரு பெரிய வேலை ஆட்சிமொழி. 1955இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் திருச்செங்கோடு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் பி. சுப்பராயன் உறுப்பினராக இருந்தார். மதராஸ் மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்தவர் அவர். ராஜாஜியின் 1937ஆம் ஆண்டு அமைச்சரவையில் கல்வித் துறை அவரிடம் இருந்தது. அந்த அமைச்சரவைதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரும் போராட்டத்தைச் சந்தித்தது. அதே சுப்பராயன், ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கையை ஏற்க மறுத்து மாற்றுக் கருத்து எழுதினார். வங்கத்தின் மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் அப்படியே எழுதினார். ஆங்கிலத்தை அவசரமாக அகற்றினால் இந்தி பேசாதவர்கள் தம் நாட்டிலேயே பின்தங்கிப் போவார்கள் என்பது இருவரின் அச்சம். கல்வி அமைச்சராக இருந்து பட்ட அனுபவத்திலிருந்து ஒருவர் தம் நிலையை மாற்றிக்கொண்டு, அதைக் கையெழுத்திட்டுப் பதிவும் செய்தார் என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக மதிக்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து தில்லிக்குப் போன ராஜாஜியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும்; பக்கத்துக் குமாரமங்கலத்திலிருந்து போன இந்த மாற்றுக் கருத்தைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

தில்லி அதைக் கேட்டிருந்தால் 1965 வேறு மாதிரி இருந்திருக்கும். சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது 1963இல் நிறைவேற்றிய ஆட்சிமொழிச் சட்டம், ஆங்கிலம் தொடர்வதற்கு இடம் கொடுத்தது, உறுதி கொடுக்கவில்லை. 1965 ஜனவரி 26 அன்று இந்தி நாட்டின் முதன்மை ஆட்சிமொழியானபோது சாஸ்திரி பிரதமர், நந்தா உள்துறை அமைச்சர். தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் தெருவில் இறங்கினர். கொங்கு நாட்டில் அந்தப் பிப்ரவரி மிகக் கொடுமையாக இருந்தது. திருப்பூரில் காவல் அதிகாரிகள் இருவர் கூட்டத்தால் எரித்துக் கொல்லப்பட்டனர். பிப்ரவரி 11 அன்று, பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அன்று இரவு சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அன்று சொன்ன அரசுக் கணக்கும் ஊர்க்கணக்கும் இன்றுவரை ஒட்டவில்லை.

சுப்பிரமணியத்தின் விலகல் ஏற்கப்படவில்லை. சில நாட்களில் அவர் பதவியைத் தொடர்ந்தார். அதை நாடகம் என்று சொன்னவர்கள் அன்று உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அமைச்சரவைக்குள் இருந்து ஒருவர் கடிதத்தை நீட்டியதும், வெளியே ஊர் எரிந்ததும் சேர்ந்தே தில்லியை அசைத்தன. அந்த அசைவைச் சட்டமாக்கியவர் நந்தாவுக்குப் பின் 1966 நவம்பரில் உள்துறைக்கு வந்த ஒய்.பி. சவான். அவர் கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றமும் தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ளும்வரை ஆங்கிலத்தை அகற்ற முடியாது. உள்துறை அமைச்சர்களின் வரிசையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது. தம் அமைச்சகத்தின் கையிலிருந்த முடிவை எடுத்து மாநிலங்களின் கையில் கொடுத்தார்.

இதன் தொடர்ச்சி பலருக்கும் வியப்பாக இருக்கும். 1975 ஜூனில் உள்துறை அமைச்சகத்துக்குள் ஆட்சிமொழித் துறை என்ற தனித் துறை உருவானது. அதே மாதம் 25ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் வந்தது; எதிர்த்துக் கேட்கக்கூடியவர்களில் பலர் விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தின்கீழ்ச் சிறையில் இருந்தனர். அந்த ஆண்டில்தான் ஆட்சிமொழி விதிகள் வெளியாயின. அவற்றின் முதல் விதியே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்கிறது. எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய நிலையிலிருந்த அரசு, அந்த ஓர் இடத்தில் கையை வைக்கவில்லை. பொள்ளாச்சித் தெருவில் செத்தவர்களுக்கு அரசு எழுதிய ஒரே ஆவணம் என்று அந்த விதியை நான் கருதுகிறேன்.

நெருக்கடி நிலையில் உள்துறை அமைச்சகம் இருந்த இருப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. 1970இல் இந்திரா காந்தி உள்துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டபோது, அதிகாரிகளின் நியமனமும் மத்தியப் புலனாய்வுத் துறையும் அந்த அமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பிரதமரின் பார்வைக்குள் போயின. 1975இல் காசு பிரம்மானந்த ரெட்டி அமைச்சர். நாட்டையே பூட்டும் முடிவு அவருக்குத் தெரிய வந்தது ஜூன் 25 இரவுதான். குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் கையெழுத்துப் போட மட்டுமே அவர் தேவைப்பட்டார். உள்துறைச் செயலாளர் அதற்கு முன்பே மாற்றப்பட்டிருந்தார். துறையின் அன்றாடப் பிடி இணையமைச்சர் ஓம் மேத்தாவிடம் இருந்தது. இவையெல்லாம் பின்னர், நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா விசாரணைக் குழுவின் முன் வெளிவந்தன. படேல் இருந்த நாற்காலி ஒரு கையெழுத்துக்கான இடமாகச் சுருங்க 25 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

எண்பதுகளில் அமைச்சர்கள் வந்து வந்து போனார்கள். தஞ்சை மண்ணின் ஆர். வெங்கட்ராமன்கூட 1982இல் சில மாதங்கள் இருந்தார். நமக்கு முக்கியமானது 1985. பஞ்சாபின் பயங்கரவாதத்தை ஒடுக்கத் தடா சட்டம் வந்தது. உள்துறை அமைச்சர் எஸ்.பி. சவான். அமிர்தசரஸை நினைத்து எழுதிய அந்தச் சட்டம், வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது கொள்ளேகால், சத்தியமங்கலம் மலைகளுக்கு வந்து சேர்ந்தது. காட்டு ஓரத்தில் மாடு மேய்த்தவர்களும், அரிசி வாங்கிக்கொண்டு மலை ஏறியவர்களும், கணவன் எங்கே என்று தெரியாத பெண்களும் பிடிக்கப்பட்டு மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். தடாவைப் புதுப்பிக்காமல் 1995 மே மாதத்தில் காலாவதியாக விட்டபோதும் அமைச்சர் அதே எஸ்.பி. சவான்தான். ஆனால் சட்டம் செத்த பிறகும் அதன்கீழ்ப் போட்ட வழக்குகள் சாகவில்லை. 2001இல்தான் மைசூர் நீதிமன்றம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நிரபராதிகள் என்று விடுவித்தது. அதிரடிப் படையின் சித்திரவதைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. அக்குழுவின் முன் வந்து நின்று பேசிய மலைக்கிராமத்துப் பெண்களின் துணிவுக்கு முன்னால், ஆணையத்தின் பரிந்துரையால் பின்னாளில் சிலருக்குக் கிடைத்த இழப்பீடு மிகச் சிறிது. எவன் எழுதிய சட்டம் எந்த மலையில் போய் இறங்கும் என்பதை உள்துறை அமைச்சர்கள் ஒவ்வொருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1996இல் இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார். கோவையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, சுப்பராயனின் மகள் பார்வதி கிருஷ்ணனின் கட்சித் தோழர். கம்யூனிஸ்ட் கட்சி ஒடுக்கப்பட்ட நாட்களில், அதாவது சேலம் சிறையில் 22 பேர் சுடப்பட்ட அதே காலத்தில், தலைமறைவாக இருந்தவர். சிறைக்குப் போனவர் அமைச்சராகும் கதை அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் நடந்தது. நேர்மையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அமைச்சர்களுக்கான பெரிய பங்களாவை மறுத்துத் தம் பழைய சிறு குடியிருப்பிலேயே இருந்தார். ஆனால் விசாரணையின்றிக் காவலில் வைக்க அனுமதிக்கும் 1980இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவர் காலத்திலும் அப்படியே இருந்தது. கூட்டணி ஆட்சியில் அவரால் எவ்வளவு முடிந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அவர் பதவியில் இருந்தபோதுதான் கோவை எரிந்தது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் போலீஸ் துப்பாக்கியாலும் கும்பலாலும் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். ஆர்.எஸ். புரத்தில் அன்று பேச வேண்டியிருந்த எல்.கே. அத்வானி தாமதமாக வந்ததால் தப்பினார். அடுத்த மாதமே அவர் உள்துறை அமைச்சரானார். தாம் குறிவைக்கப்பட்ட ஊரின் காயத்தை இவ்வளவு அருகில் கண்ட வேறொரு உள்துறை அமைச்சர் இல்லை. அவர் 2002இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா 2004இல் நீக்கப்பட்டது; அதன் கூறுகளில் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் குடியேறின. மும்பைத் தாக்குதலுக்குப் பின் சிவராஜ் பாட்டீல் விலக, ப. சிதம்பரம் வந்து தேசியப் புலனாய்வு முகமையை உருவாக்கினார். 2022 அக்டோபரில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன் கார் வெடித்தபோது, சில நாட்களிலேயே வழக்கு அந்த முகமையிடம் போயிற்று. பழைய காலத்தில் தில்லியின் உள்துறை கோவைக்கு வருவது அரிது. இன்று குருடம்பாளையத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சிக் கல்லூரியும் வெள்ளலூரில் அதிவிரைவுப் படையின் முகாமும் ஊரின் பகுதிகளாகிவிட்டன.

2019 முதல் பொறுப்பில் இருக்கும் அமித் ஷா, 2025 ஆகஸ்டில் அத்வானியின் கால அளவைக் கடந்து, மிக நீண்ட நாள் உள்துறை அமைச்சராக இருந்தவர் ஆனார். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களும் இந்திப் பெயர்களோடு வந்தன. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்தனர். 1976 விதியின் விலக்கு அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்குத்தான் பொருந்தும். சட்டத்தின் பெயருக்குப் பொருந்தாது. சுப்பராயன் எழுதிய அச்சத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 1942இல் சிறை சென்றவர்களுக்குப் பதிவேடு இருந்தது. அதை வைத்து அவர்கள் உரிமை பெற்றார்கள். 1965இல் மொழிக்காகச் சிறை சென்றவர்களுக்கு மாநில அரசு ஓய்வூதியம் தருகிறது. ஆனால் பொள்ளாச்சியில் இறந்தவர்களின் முழுப் பெயர்ப்பட்டியலை எந்த அரசும் ஊரார் முன் வைத்ததாக நான் கண்டதில்லை. 25 ஆண்டுகளைக் கடந்த மத்திய அரசு ஆவணங்களை மதிப்பிட்டு, நிலையான மதிப்புள்ளவற்றைக் காக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிப்ரவரியில் சென்னைக்கும் தில்லிக்கும் இடையே போன தந்திகள், அனுப்பப்பட்ட படைகளின் விவரம், பிணவறைக் குறிப்புகள் என்று எது எஞ்சியிருந்தாலும் உள்துறை அமைச்சகமும் மாநில உள்துறையும் அவற்றைத் தேடி எடுத்து வெளியிட வேண்டும். அன்று பள்ளி மாணவர்களாக இருந்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். பெயர்களைச் சரிபார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.